கைக்காகிதமும் காகித விளக்குக் கூண்டும்

தை அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், மாசி முதல் வைகாசி வரையில் காவிரிப் பாசனக் கிராமங்களில் வயல் வேலை மிகவும் குறைந்துவிடுகிறது. இம்மாதங்களில் கையிருப்பு கரைவதும், அடுத்த சாகுபடிக்கு முன்பே கடன் ஏறத் தொடங்குவதும் குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். இந்த ஓய்வுக் காலத்திற்கு ஏற்ற உபதொழில்களுள் கைக்காகிதம் செய்தலும் ஒன்று. அதற்கு வேண்டுவன நல்ல வெயில், சுத்தமான நீர், பருத்திக் கழிவு, வாழை நார், சலியாத உழைப்பு ஆகியவையே. ஆயினும், காகிதத்தைத் தாளாகவே விற்பவன் அடையும் பலன் சொற்பம். அதனை விளக்குக் கூண்டாக்கி, உரிய பருவத்தில் விற்பவனே உழைப்பின் முழுப் பயனையும் பெறுவான். இத்தொழிலின் முறையும், அதில் கூட்டுறவுச் சங்கத்தின் கடமையும் இங்கே விளக்கப்படுகின்றன.

தொழிலின் பூர்வ நிலை

தமிழ் நாட்டில் நெடுங்காலம் பனையோலையே ஏடாக வழங்கி வந்தமையால், காகிதம் செய்வது இங்கே பரம்பரைத் தொழிலாக வேரூன்றவில்லை. வட நாட்டிலும் தக்காணத்திலும் நிலை வேறு. ஜயப்பூரையடுத்த சாங்கானேர், தௌலதாபாத்தையடுத்த காகஜிபுரம், ஜுன்னர், அகமதாபாத், கால்பி முதலிய ஊர்களில் காகஜி என்னும் வகுப்பினர் தலைமுறை தலைமுறையாகக் கையால் காகிதம் செய்து வந்தனர். கந்தல், சணல், பழைய கயிறு, மீன்வலை முதலியன அவர்களுக்கு மூலப்பொருள்களாயின. கூழைக் காலால் மிதித்து இயக்கும் உலக்கையால் இடிப்பர். தாளைச் சுண்ணாம்பு பூசிய சுவரில் ஒட்டி உலர்த்துவர். பின்பு கஞ்சி தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைக் காகிதம் மலிந்தவுடன் இத்தொழில் நலிந்தது. 1934-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் முயற்சியால் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றி, வார்தாவில் பணி தொடங்கியபோது, கைக்காகிதத்திற்கு மறுபடியும் ஆதரவு கிட்டியது. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா அச்சங்கத்தின் காரியதரிசியாக இருந்து இத்தொழிலை ஊக்கினார். சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தாளாக விற்பதா, கூண்டாக விற்பதா?

எழுதும் தாளில் ஆலையோடு போட்டியிடுவது வீண் முயற்சி. எழுதும் தாளுக்குக் கஞ்சி ஏற்றவேண்டும், மெருகிட வேண்டும், ஒவ்வொரு தாளும் ஒரே கனமாக இருக்கவேண்டும். இவ்வளவும் கையால் செய்தால் கூலியே விலையை விழுங்கிவிடும். விளக்குக் கூண்டுக்கோ கஞ்சியும் வேண்டுவதில்லை, மெருகும் வேண்டுவதில்லை. கைக்காகிதத்தில் நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பது விளக்கின்முன் தனி அழகாகத் தோன்றும். ஆலைத் தாள் இத்தோற்றத்தைத் தருவதில்லை.

ஜப்பான் தேசத்தின் கிஃபு பிரதேசம் இதற்குத் தக்க சான்று. அங்கே மினோ என்னுமிடத்தில் கோஸோ என்ற செடியின் பட்டையிலிருந்து மெல்லிய, உறுதியான காகிதம் செய்கின்றனர். மினோக் காகிதத்தில் எழுதப்பட்ட 702-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு ஏடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இக்காகிதத்தையும் மூங்கிலையும் கொண்டு கிஃபு நகரத்தார் மடித்து வைக்கக்கூடிய விளக்குக் கூண்டுகளைச் செய்கின்றனர். மின்விளக்கு பரவியபின் அக்கூண்டுகளுக்குக் கிராக்கி குறைந்தது. 1951-இல் அங்கே சென்ற சிற்பி இசாமு நொகுச்சி, அதே காகிதத்தையும் மூங்கிலையும் கொண்டு மின்விளக்குக்கேற்ற புதிய வடிவங்களை அமைத்துக் கொடுத்தார். அவை பல தேசங்களில் விலைபோய் இன்றும் செய்யப்பட்டு வருகின்றன. 2014-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் மினோக் காகிதத் தொழிலை மானிடகுலத்தின் கலைச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. காகிதம் செய்வோனைக் கூண்டு செய்வோன் வாழ்விக்கிறான். கூண்டு செய்வோனைக் காலத்துக்கேற்ற வடிவம் வாழ்விக்கிறது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

மூலப்பொருள்கள்

கூண்டுக்கான தாள் மெல்லியதாகவும் ஒளியை ஊடே விடுவதாகவும் இருக்கவேண்டும். ஆயினும் எளிதில் கிழியலாகாது. பருத்தி தாளுக்கு மென்மையையும், வாழை நார் விறைப்பையும் ஒளிபுகும் தன்மையையும் தரும். ஆகையால் கூழில் பருத்தி மூன்று பங்கும் வாழை இரண்டு பங்குமாகக் கலந்து தொடங்குவது நன்று.

பருத்திக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகள் ஏற்றவை. சாயமேறாத வெள்ளைத் துண்டுகளையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். இக்காலத்துத் துணிகளில் பாலியெஸ்டர், லைக்ரா முதலிய செயற்கை இழைகள் கலந்திருக்கும், அவை கூழாவதில்லை. ஐயமுள்ள துண்டிலிருந்து ஓர் இழையைக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும்.

குலை வெட்டியபின் தோட்டத்தில் கழித்துப் போடும் வாழை மரமே நாருக்கு ஆதாரம். மட்டைகளைப் பிரித்துப் பலகைமேல் கிடத்தி, மழுங்கிய கத்தியால் சுரண்டினால் சதை நீங்கி நார் நிற்கும். ஈரமான மரம் நூறு கிலோவிலிருந்து உலர்ந்த நார் ஏறத்தாழ ஒரு கிலோவே தேறும். ஆதலால் மரங்களை வெகு தூரத்திலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவருவது கட்டாது. நாரைத் தோட்டத்திலேயே எடுத்து உலர்த்திக் கொண்டுவருவதே சிக்கனம்.

கூழ் செய்யும் முறை

நாரையும் துணியையும் ஓர் அங்குல நீளத்திற்கு மிகாமல் நறுக்கவேண்டும். நீண்ட இழை தொட்டியில் சிக்கலாகிவிடும். உலர்ந்த வாழை நார் ஒரு கிலோவுக்குச் சலவைச் சோடா 150 முதல் 200 கிராம், நீர் 15 லிட்டர் என்ற கணக்கில் இரும்பு அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூன்று மணி நேரம் வேகவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும், அது கூடாது. விரலால் இழுத்தவுடன் நார் எளிதில் பிரிந்து வந்தால் வெந்ததென்று கொள்க. வேகும்போது நாரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொள்முதலின்போதே இதனைக் கணக்கில் சேர்க்கவேண்டும். பருத்திக்குக் கிலோவுக்கு 50 கிராம் சோடாவும் ஒரு மணி நேரக் கொதியும் போதும். பின்பு வழவழப்பு நீங்கும்வரை நல்ல நீரில் அலசவேண்டும். சோடா கலந்த நீரைக் கிணற்றடியிலோ வயலிலோ விடலாகாது. தனிக் குழியில் விடுவதே முறை. வேகவைப்போர் கைக்கும் கண்ணுக்கும் காப்பு அணிதல் அவசியம்.

அடுத்தது இடித்தல். வாழை நாரை உரலில் இடித்துக் கூழாக்கிவிடலாம். பருத்தியைக் கையால் இடிப்பது மிகவும் மெதுவான வேலை. இதற்குப் பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்தில் தோன்றிய சுழல்தொட்டி யந்திரமே இன்றும் ஏற்றது. இடிபட இடிபடத் தாள் உறுதியும் ஒளிபுகும் தன்மையும் பெறும். அளவு மீறினாலோ நீர் வடியத் தாமதமாகும், உலரும்போது தாள் மிகவும் சுருங்கும். ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடித் தம்ளர் நீரில் இட்டுக் குலுக்கினால், கட்டியின்றி மேகம்போல் பரவி நிற்கவேண்டும். அதுவே பதம்.

தாள் எடுத்தல்

நூறு லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியில், உலர்ந்த எடையில் அரைக் கிலோவுக்குச் சமமான கூழை இட்டுக் கலக்குக. நார் அடியில் தங்காமலும் திரளாமலும் மிதப்பதற்கு ஜப்பானியர் ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த வழவழப்பான நீரைச் சேர்ப்பர். அச்செடி நமது வெண்டையின் இனத்தைச் சேர்ந்ததே. ஆகையால் வெண்டைக்காயையோ வெண்டை வேரையோ நறுக்கி, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் துணியில் வடித்துப் பயன்படுத்தலாம். இது பசை அன்று. நீர் மெதுவாக வடியச் செய்து, நார் சமமாகப் படிய உதவும். சூட்டில் இதன் வழவழப்புக் கெட்டுவிடுமாதலால், கோடையில் அன்றன்று செய்து நிழலில் வைத்தல் வேண்டும்.

தேக்குச் சட்டத்தில் மெல்லிய கம்பிவலை அடித்து, அதன்மேல் பொருந்தும்படி ஒரு வெறுஞ் சட்டமும் செய்துகொள்க. உள்ளளவு 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் இருப்பின், கைக்காகித வியாபாரத்தில் வழங்கும் அளவாகவே தாள் அமையும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொட்டியில் சாய்வாக அமிழ்த்தி, மட்டமாக உயர்த்தி, நீர் வடியுமுன் முன்பின்னும் பக்கவாட்டிலுமாக மெல்ல அசைக்கவேண்டும். நார் பின்னிக்கொள்வது அந்தச் சில நொடிகளிலேயே. பின்பு மேற்சட்டத்தை நீக்கி, நனைந்த காடாத் துணிமேல் வலையைக் கவிழ்த்தால் தாள் துணியில் தங்கும். இவ்வாறு தாளும் துணியுமாக அடுக்கித் திருகு அழுத்தியில் வைத்து மெதுவாக இறுக்கவேண்டும். திடீரென்று இறுக்கினால் தாள் நசுங்கிவிடும்.

அழுத்திய தாளைத் துணியோடு எடுத்து, வழவழப்பான சுண்ணாம்புச் சுவரில் ஒட்டித் தூரிகையால் நீவிவிட்டுத் துணியை உரித்துவிடுக. உலர்ந்தபின் ஒரு மூலையிலிருந்து மெல்லப் பிரித்தால், சுருக்கமின்றித் தாள் வந்துவிடும். இந்த மெல்லிய தாள் ஒவ்வொன்றும் சுமார் 17 கிராம் எடையிருக்கும். சேதம் நீங்கலாக ஒரு கிலோ கூழுக்கு ஐம்பது தாள் தேறும் என்று மதிப்பிடலாம்.

எடுத்த தாள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தல் இன்றியமையாதது. கையிலிருந்து சொட்டிய நீர்த்துளி உண்டாக்கிய கண், திரண்ட கூழ், மெலிந்த ஓரம் ஆகிய குற்றங்கள் எழுதும் தாளில் மறைந்துவிடலாம், விளக்கின்முன் மறையா. குற்றமுள்ள தாள் வீணாவதில்லை. கிழித்து ஊறவைத்தால் மீண்டும் கூழாகும். தொட்டியிலும் அழுத்தியிலும் வடியும் நீரையும் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டால், கோடையில் கிணற்று நீர் மிச்சமாகும்.

கூண்டு கட்டுதல்

மூன்றாண்டு முற்றிய மூங்கிலைத் தேர்ந்து, சில வாரம் நீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்துக. ஊறாத மூங்கிலில் மாவுச் சத்து தங்கி வண்டு துளைக்கும். கணு இல்லாத பகுதியை மெல்லிய சிம்புகளாகச் சீவி, 31 அங்குல நீளமாக மூன்று துண்டு வெட்டி, அனலில் இளக்கி வளைத்து, முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலால் கட்டினால் 9 அங்குலக் குறுக்களவுள்ள மூன்று வளையங்கள் கிடைக்கும். அவற்றை மேலும் நடுவிலும் கீழுமாக வைத்து, 20 அங்குல உயரமுள்ள நான்கு நிலைச் சிம்புகளோடு பிணைத்துவிட்டால் சட்டம் முடிந்தது. முழுத் தாள் ஒன்று இதற்குச் சரியாகப் பொருந்தும். சுற்றளவு 28 அங்குலத்திற்குச் சற்று மிகுதியாதலால், 30 அங்குலத் தாளில் ஒட்டுவதற்கு ஒன்றரை அங்குலம் மிஞ்சும். உயரத்தில் மேலும் கீழும் ஒவ்வோர் அங்குலம் மடிப்புக்கு ஆகும்.

மைதா மாவைக் காய்ச்சிய பசையைச் சிம்புகளில் மட்டும் தடவி, தாளைச் சுற்றி ஒட்டுக. பசை உலர்ந்தபின் தாள்மீது நீரைப் பனிபோல் தெளித்தால், காயும்போது அது சுருங்கி மத்தளத்தோல்போல் இறுகும். நீர் அதிகமானால் அந்த இறுக்கமே மூங்கிலைக் கோணலாக்கிவிடும்.

தூரத்து ஊர்களுக்கு அனுப்பச் சதுரக் கூண்டு வசதியானது. 10 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் கொண்ட நான்கு சட்டங்களுக்குத் தாள் ஒட்டி, ஓரங்களை நூலால் பிணைத்தால், கதவுபோல் மடித்துத் தட்டையாக அடுக்கலாம். ஒரு தாளில் இரண்டு முகங்களுக்கு ஆகும். மிஞ்சும் 8 அங்குலப் பட்டையைச் சிறு கூண்டுகளுக்குப் பயன்படுத்தலாம். லாரிக் கூலியில் இதனால் உண்டாகும் மிச்சம் பெரிது.

நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை

காகிதக் கூண்டினுள் எண்ணெய் விளக்கோ மெழுகுவத்தியோ வைப்பது ஆபத்து. சூடேறும் பழைய இழை பல்புகளும் ஏற்றவையல்ல. குறைந்த வாட்டுள்ள எல்.இ.டி. பல்பையே பொருத்தி, அது தாளில் படாமல் நடுவில் தொங்கவும், மேல்வாய் திறந்திருக்கவும் செய்யவேண்டும். வெண்காரம் ஏழு பங்கும் போரிக் அமிலம் மூன்று பங்குமாக, எடைக்கணக்கில் 65 பங்கு வெந்நீரில் கரைத்து ஆறவைத்துத் தெளித்தால், தீப் பற்றும் வேகம் தணியும். ஆயினும் முற்றிலும் தடுக்காது. இக்கரைசலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். ஒவ்வொரு கூண்டிலும் இவ்வெச்சரிக்கையை அச்சிட்ட சீட்டு ஒட்டுவது சங்கத்தின் பொறுப்பு. ஒரு வீட்டில் நேரும் விபத்து ஊர் முழுவதின் தொழிலையும் கெடுத்துவிடும்.

சங்கத்தின் கடமை

இத்தொழிலின் பெரிய தடை கைத்திறக் குறைவு அன்று, பருவ வேற்றுமையே. தாள் உலர வெயில் வேண்டும். வெயில் மாசி முதல் வைகாசி வரையில் மிகுதி. கூண்டு விலைபோவது ஐப்பசித் தீபாவளி தொடங்கி, கார்த்திகை கடந்து, கிறிஸ்துமஸ் வரும் மார்கழி வரையிலாகும். மகாராஷ்டிரத்தில் வாயில்தோறும் ஆகாச விளக்கு தொங்குவதும் தீபாவளியில்தான். ஆனால் அப்பருவம் நமக்கு அடைமழைக் காலம். அப்பொழுது கிராக்கியைக் கண்டு தாள் எடுக்கத் தொடங்கினால் சுவரில் ஒரு தாளும் காயாது.

ஆகவே பங்குனியில் செய்த தாள் ஐப்பசி வரையில் ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். தனிக் குடியானவனுக்கு அவ்வளவு காலம் பணத்தை முடக்கிவைக்கச் சக்தியில்லை. அவன் சித்திரையிலேயே வந்த விலைக்குத் தாளை விற்றுவிடுவான். அல்லது வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவர் வைத்ததே விலையென்று கூண்டைக் கட்டிக் கொடுப்பான். உழைப்பு கிராமத்தில் தங்க, ஆதாயம் வெளியே போய்விடும்.

இந்த ஏழு மாத இடைவெளியைக் கடக்கும் பாலமாக விளங்கவேண்டியது சங்கம். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடந்தந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, விற்பனை முதலிய பிற காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. நெல்லை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுத்து, விலை ஏறியபின் விற்று ஈடுசெய்யும் வழக்கம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. அதே முறையைத் தாளுக்கும் கையாளலாம். அங்கத்தினர் கொண்டுவரும் தாளை வெளிச்சத்தில் சோதித்துத் தரம் பிரித்து, ரசீது கொடுத்து, மதிப்பில் ஒரு பகுதியை உடனே வழங்குக. மீதத்தைக் கூண்டு விற்றபின் கணக்குத் தீர்த்துக் கொடுக்கலாம். முன்னதாக, சங்கத்தின் துணைவிதிகள் இதற்கு இடந்தருகின்றனவா என்று பார்த்து, வேண்டுமாயின் பொதுச்சபையில் திருத்திக்கொள்ளுதல் முறை.

கூழ் யந்திரமும் அழுத்தியும் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கவேண்டும். அவற்றுக்காகத் தனி நபர் கடன்படுதல் கூடாது. தாள்களைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, கரையானும் ஈரமும் அணுகாதபடி மாதமொருமுறை பிரித்துப் பார்க்கவேண்டும். ஆடி, ஆவணியில் சட்டங்களைச் செய்து, புரட்டாசியில் மழைக்கு முன்பே தாள் ஒட்டி முடித்துவிடவேண்டும்.

முதலாண்டில் ஐந்நூறு கூண்டுகளுக்குமேல் துணியலாகாது. உருளைக் கூண்டாயின், சேதத்திற்கு நூறு சேர்த்து அறுநூறு தாள் வேண்டும். அதற்குக் கூழ் 12 கிலோ போதுமானது. விறகு, சோடா, கூலி நேரம், சேதம், வண்டிச் சத்தம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிவந்தால், ஒரு கூண்டின் உண்மையான அடக்கவிலை ஆண்டு முடிவில் தெரியவரும். அவ்விலைக்குமேல் சந்தையில் கிடைக்குமாயின் அடுத்த ஆண்டில் தொழிலைப் பெருக்கலாம். கிடைக்காதாயின் வடிவத்தையோ சந்தையையோ மாற்றவேண்டும். இக்கணக்கைப் பாராமல் உற்சாகம் ஒன்றையே நம்பித் தொடங்கிய உபதொழில்கள் நிலைத்ததில்லை.

பங்குனி வெயிலில் சுவரில் காயும் தாள், கார்த்திகை இரவில் எவர் வீட்டு வாயிலிலோ விளக்காக ஒளிரும்வரையில், அது செய்தவனுடைய பொருளாகவே இருக்கவேண்டும். அதற்கு வேண்டிய பொறுமையைத் தனி ஒருவனால் விலைகொடுத்து வாங்க இயலாது. பலர் ஒன்றுகூடிய சங்கத்தால் இயலும்.